பதினேழாம் எண்ணுக்கு அனுமதி

ரௌட்டரை வீட்டின் நடுவில், தலை உயரத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை டிவிக்குப் பின்னால் தூசிக்குள் திணித்துவிட்டு, மாடியில் சிக்னல் வரவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள். நான் மாடிப்படி திரும்பும் இடத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறேன். வரும்போது பார்த்திருப்பீர்கள், மேடம். மூன்று தளத்துக்கும் ஒரே சீராக எட்டுகிறது.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும் உங்கள் போனுக்கு இணைப்புக் கேட்டீர்கள். நான் பதிவேட்டை நீட்டினேன். பெயர், சாதனம், நோக்கம், கையெழுத்து. முகம் சுளிக்காமல் அரை நிமிடத்தில் போட்டுக் கொடுத்தீர்கள். வரிசை எண் இருபத்து மூன்று. என்னை விசாரிக்க வந்த அதிகாரியே போடுகிற கையெழுத்து அது. இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

நான் முப்பத்து நான்கு வருடம் அரசு ஆவண அறையில் இருந்தவன். என் காலத்தில் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதம் வெளியே போனதில்லை. உள்ளேயே கரையான் தின்றது வேறு விஷயம். கரையான் எதையும் வெளியே எடுத்துப்போகவில்லை. ஓய்வு பெற்றபோது ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதோ, சுவரில் இருக்கிறது. ‘நேர்மைச் சிகரம்’ என்ற வாசகத்தை நானே அச்சகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் பிழையாக அடித்துவிடக் கூடாதே என்று. மேலே உள்ள சிறு விளக்கும் நான் போட்டதுதான்.

இந்த வீட்டில் கீழே நானும் என் மனைவியும். முதல் மாடியில் என் மனைவியின் அண்ணன். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்பிள்ளை என்பார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் வேறு ஊரில் நர்ஸ். இரண்டாம் மாடியில் டெய்லரும் அவர் மனைவியும் வாடகைக்கு. மூன்று தளத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு.

போன வருடம் இணைப்பு மந்தமாகியது. டெய்லரின் மனைவி, தான் பார்க்கும் சட்டை வெட்டும் வீடியோவில் கத்தரிக்கோல் துணிக்குள் பாதி போய் அப்படியே நின்றுவிடுகிறது என்றாள். யாரோ வெளியாள் நம் இணைப்பில் குந்தியிருக்கிறான் என்று எனக்குச் சந்தேகம். உடனே கூட்டம் கூட்டினேன். நிகழ்ச்சி நிரல் தயாரித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். மொத்தம் ஐந்து பேர், என்னையும் சேர்த்து. அதில் இணைப்புப் பொறுப்பாளர் என்ற பதவியை உருவாக்கி, நானே முன்மொழிந்து, போட்டியின்றித் தேர்வானேன். ரப்பர் முத்திரையை முந்தின வாரமே செய்து வாங்கியிருந்தேன்.

நான் சொன்னவை எல்லாம் நியாயமானவை. பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். நிர்வாகப் பக்கத்துக்குத் தனிக் கடவுச்சொல் வேண்டும். விருந்தாளிகளுக்குத் தனி வலை. யாருடையது என்று தெரியாத சாதனத்தை உள்ளே விடக் கூடாது. எந்த நிபுணரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். என்ன, அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

மச்சான் நாற்காலியைப் பின்னங்கால்களில் ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை, வாசக் கதவுத் தாழ்ப்பாள் ரெண்டு மாசமா ஆடுது. நீ காத்துக்குப் பூட்டு போடுற.”

டெய்லர் சிரித்தார். நான் பொறுமையாக, புதிய கடவுச்சொல் இருபத்து நான்கு எழுத்து, உலகத்தில் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றேன்.

மச்சான் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை சுவரில் போய் நின்றது. டெய்லர் மனைவியின் போனை வாங்கி, தூரத்தில் இருப்பதை வாசிப்பதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னவோ அடித்தார். மூன்றாவது தடவை உள்ளே போய்விட்டது. கத்தரிக்கோல் மீதித் துணியை வெட்டி முடித்தது.

“எப்படிண்ணே?” என்றார் டெய்லர்.

“அதான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காரே. பட்டம், பக்கத்துல ரிட்டையரான தேதி. திருடனுக்குக் கண்ணு தெரியாம போயிடப் போகுதேன்னு மேல லைட்டு வேற.”

என் மனைவி சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடம். அவள் அப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்து நான் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தாள்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் காத்துக் காவலர். படியில் பார்த்தால் மச்சான் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் வைப்பார். “காவலரே, இன்னிக்குக் காத்து பத்திரமா?” டெய்லர் வாயைப் பொத்திக்கொள்வார். ஒருநாள் சமையலறையிலிருந்து என் மனைவியும், “காவலருக்கு டீ வேணுமா?” என்றாள். நான் கோபப்படவில்லை. குறை என்னுடையது. கடவுச்சொல் என்பது வெறும் சொல். எவரும் கற்றுக்கொண்டு சொல்லிவிடலாம். ஆவண அறையில் நாங்கள் சொல்லை நம்புவதில்லை, கையெழுத்தைத்தான் நம்புவோம்.

அப்படித்தான் இந்தப் பதிவேடு வந்தது.

முறை எளிது. ரௌட்டரின் பட்டியலில் இருந்த எல்லாச் சாதனங்களையும் ஒரே நாளில் நீக்கினேன். வேண்டியவர்கள் சாதனத்தோடு கீழே வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் அதைப் பட்டியலில் ஏற்றுவேன். பட்டியலில் இல்லாத ஏதாவது உள்ளே வர முயன்றால் என் போனில் ஓர் அறிவிப்பு வரும்: ‘தெரியாத சாதனம் இணைய விரும்புகிறது. அனுமதி. மறுப்பு.’ இரண்டில் ஒன்றை நான் தொட வேண்டும். நகர முடியாத சாதனத்துக்குப் புகைப்படம் போதும் என்று விதியில் இருந்தது. ஆனால் டெய்லர் டிவியையே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கிவந்தபோது எனக்குத் தடுக்க மனம் வரவில்லை.

மச்சான் மட்டும் வரவில்லை.

“எனக்கு உன் காத்தே வேணாம் மாப்பிள்ளை. போன்லயே நெட் இருக்கு” என்றார்.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். இதய அறுவைக்குப் பிறகு மகள் அவருக்கு ஓர் அவசரப் பொத்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள். கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கும். அழுத்தினால் அலமாரி மேலுள்ள ஒரு வெள்ளைப் பெட்டி, வீட்டு இணைப்பு வழியாக மகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே நேரத்தில் கூப்பிடும். அந்தப் பெட்டிக்கு அவர் போனிலிருந்த நெட் உதவாது. என் இணைப்புதான் அதற்கு வழி.

நான் நினைவூட்டவில்லை என்று அவர் மகள் உங்களிடம் சொல்லியிருக்கலாம். நினைவூட்டினேன். படியில் நிறுத்தி, “பொத்தான் பெட்டிக்கும் கையெழுத்து வேணும் மச்சான்” என்றேன்.

“என் கழுத்துல தொங்குறதுக்கு உன்கிட்ட கையெழுத்தா? போய்யா.” இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். “என்ன, அதையுமா கழட்டிடுவ? நீ என்னய்யா...” என்று சிரித்துக்கொண்டே, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் அப்படிச் செய்யக்கூடியவன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுவும் ஒருவகை அவமரியாதைதான்.

பதிவேட்டில் அவருக்காக ஒரு வரியை எழுதிவைத்தேன். வரிசை எண் பதினேழு. முதல் மாடி, அவசரப் பொத்தான் பெட்டி, நோக்கம்: உயிர்காப்பு. கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி. பேனாவைப் பதிவேட்டுக்குள்ளேயே செருகி வைத்தேன். வந்தால் தேட வேண்டாமே.

இணைப்பு போன மறுநாள் அந்தப் பெட்டி கத்தத் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று கத்தல். மச்சான் மேலேயிருந்து குரல் கொடுத்தார். போனேன். அவருக்கு மோட்டாரும் இரும்புக் கயிறும் தெரியும், இந்த மாதிரிப் பெட்டிகள் தெரியாது. பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்துக் கொடுத்தார். நான் நின்றபடியே முழுக்கப் படித்தேன். நாற்பது பக்கம். எதையும் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. பிறகு கத்தலை நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடித்து நிறுத்தினேன்.

“ஓடுதா மாப்பிள்ளை?”

“பச்சை லைட் எரியுதே மச்சான்.”

எரிந்தது. அது மின்சாரத்துக்கான விளக்கு. இணைப்புக்கான விளக்கு அதற்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது. அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அப்போது அவர் தன் வேலை நாட்களைப் பற்றிப் பேசினார். நிம்மதி வந்தால் பேசுவார். “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் மணி அடிச்சா, ஒரு நிமிஷத்துக்குள்ள எவனாவது பதில் சொல்லணும். ஆளு வர நேரமாகலாம் மாப்பிள்ளை, பதில் வர நேரமாகக் கூடாது. பதில் வரலன்னாதான் உள்ள இருக்கறவன் பயந்து சாவான்.” எனக்கு அது பிடித்திருந்தது. நல்ல விதி.

அன்று மாலை அவர் மகள் போன் செய்தாள். “மாமா, பெட்டிக்குத் தொடர்பு இல்லன்னு எனக்கு மெசேஜ் மேல மெசேஜா வருது. அப்பா நல்லாத்தானே இருக்கார்?”

“பாதுகாப்பு வேலை நடக்குதும்மா. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் வரும். கண்டுக்காத.”

“வார்டுல இருக்கும்போதும் அடிச்சுக்கிட்டே இருக்கு மாமா. ஆஃப் பண்ணிடவா?”

“பண்ணிக்கோ. இங்க எல்லாமே பாதுகாப்பா இருக்கு.”

இதில் எந்த வாக்கியம் பொய் என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

பத்தொன்பது நாள் ஓடியது. தினமும் காலையில் பதினேழாம் வரியைத் திறந்து பார்ப்பேன். அவர் வந்து, “சரிய்யா, எங்க போடணும்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முத்திரையைக்கூட நான் மையில் தொட்டுத்தான் வைத்திருந்தேன். மாறாக, தினமும் சல்யூட் வைத்தார்.

இருபதாம் நாள் ஒரு வியாழக்கிழமை. என் மனைவி கண் டாக்டரிடம் போயிருந்தாள். இரண்டாம் மாடியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இதே நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தலைக்கு மேல் மூட்டை இறக்கியது போல ஒரு சத்தம். மின்விசிறி லேசாக ஆடியது. பிறகு போன் அதிர்ந்தது.

தெரியாத சாதனம் இணைய விரும்புகிறது.

உள்ளூர் காவல் நிலையத்தில் கேட்டபோது, அது என்ன சாதனம் என்று தெரியாது என்றேன். திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது. இப்போது நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அதனால் மீதியையும் சொல்கிறேன். கையேட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு. இணைப்பு இல்லாமல் கத்தலும் நிறுத்தப்பட்டிருந்தால் பெட்டி உறங்கிவிடும். யாராவது பொத்தானை அழுத்தினால் மட்டும் விழித்து, ஒரு தடவை இணைப்புத் தேடும். ஆக, ஓர் அறிவிப்புக்கு ஓர் அழுத்தல்.

நான் மறுப்பைத் தொட்டேன்.

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி வந்தது. மறுப்பு. உடனேயே இன்னொன்று. மறுப்பு. பதிவேட்டை எடுத்து மேசையில் பதினேழாம் வரி தெரியும்படி பிரித்து வைத்தேன். எதிர் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டேன், அவர் வந்தால் உட்காரட்டும் என்று. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒன்பது நிமிடம். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதாவது, எழுந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். படியில் காது கொடுத்துக் கேட்டேன். தையல் இயந்திரம்தான் கேட்டது. பிறகு ஏழாவது வந்தது.

மொத்தம் பதினொன்று. கடைசி நான்கு நாற்பத்தெட்டுக்கு. எதற்கும் நான் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. பதில் வரவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

என் மனைவி ஐந்தரைக்கு வந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள். அண்ணனுக்கு டீ எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி மேலே போனாள். அவர் கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் கிடந்தார். கட்டை விரல் பொத்தானின் மேலேயே இருந்ததாம். அதை விலக்குவதற்கு டெய்லர் வர வேண்டியிருந்தது. போன் கைக்கு எட்டாத மேசையில் சார்ஜில் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போன் இருக்கும்போதும் ஒரு மனிதன் முப்பத்தெட்டு நிமிடம் ஒரு பொத்தானையே நம்பியிருக்கிறான் என்றால், அதைக் கொடுத்தவர்கள்மேல் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று பாருங்கள்.

அன்றிரவே டெய்லர் அழுதுகொண்டே, “சத்தம் ஏதும் கேட்டுச்சா சார்?” என்றார். “உங்க மெஷின் சத்தந்தான் கேட்டுச்சு” என்றேன். அன்றிலிருந்து அவர் பகலில் மெஷினை ஓட்டுவதில்லை. நல்ல மனிதர்.

மகள்தான் கண்டுபிடித்தாள். நர்ஸ் அல்லவா, விளக்குகளைப் பார்க்கத் தெரிந்தவள். இணைப்பு விளக்கு அணைந்திருந்ததையும், கத்தல் நிறுத்தப்பட்டிருந்ததையும் பார்த்தாள். ஒவ்வோர் அழுத்தலையும் பெட்டி தனக்குள்ளேயே நேரத்தோடு குறித்துவைத்திருக்கிறது. பதிவேடு வைக்கும் பழக்கம் அதற்கும் உண்டு. அந்த நேரங்கள் என் போனில் உள்ள மறுப்புகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஒத்துப்போகும். பதினொன்றும்.

என் மனைவி இப்போது அண்ணன் மகளோடு இருக்கிறாள். போகும்போது அந்தக் கேடயத்தின் மேலிருந்த விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனாள். நான் பிறகு போட்டுக்கொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியின் இணைப்பைத் துண்டித்தது நான். கத்தலை நிறுத்தியது நான். மகளை அமைதிப்படுத்தியது நான். மேலே விழுந்தது யார், அழுத்துவது யார், எதற்காக என்று முதல் அறிவிப்பு வந்தபோதே எனக்குத் தெரியும். அனுமதி என்ற சொல்லும் மறுப்பு என்ற சொல்லும் திரையில் அரை விரல் தூரத்தில்தான் இருந்தன. பதினொரு தடவையும் தெரிந்துதான் தொட்டேன். இதைக் கொலை என்று எழுதுவீர்கள் என்றால் எழுதுங்கள், நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. நான் உங்களை நாலு மணிக்கு முன்பே வரச் சொன்னதே அதற்காகத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள், நான்கு பத்துக்கு, போன் அதிர்ந்தது. அதே சாதனம்தான். அதன் அடையாள எண் எனக்கு மனப்பாடம். பெட்டியை அதற்குள் மகள் எடுத்துப்போயிருந்தாள். பழுதென்று நினைத்து ரௌட்டரை அணைத்துப் போட்டேன். மறுநாளும் வந்தது. கம்பெனி டெக்னீஷியனைக் கூப்பிட்டு வேறு ரௌட்டர் மாற்றினேன், புதுக் கடவுச்சொல், முப்பத்திரண்டு எழுத்து, எந்தச் சுவரிலும் இல்லாதது. அவர் போன பிறகு, நான்கு பத்துக்கு வந்தது. தினமும் பதினொன்று. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடம்தான், மேடம், உட்கார முடியவில்லை. படியில் யாரோ ஒரு படி இறங்கி, நின்று, யோசிப்பது மாதிரி இருக்கும். நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். பிறகு ஏழாவது வரும்.

தூக்கம் குறைந்துவிட்டது. ஆனாலும் ஒருநாள்கூட நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

அடையாளம் காட்டுவதற்காக நீங்கள் கொண்டுவந்திருக்கும் உறை இந்த மேசைமேல்தான் இருக்கிறது. பெட்டியும் பொத்தானும் உள்ளே. அரக்கு முத்திரை உடையவில்லை. பேட்டரிகள் தனி உறையில் உங்கள் பையில் இருப்பதாகச் சொன்னீர்கள். மணி பாருங்கள்.

இதோ.

என் போனை எடுத்துப் பாருங்கள், தயங்க வேண்டாம். அடையாள எண்ணை உறையின் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆம், அதேதான். ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். முதல் சில நாள் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என்ன சொன்னீர்கள்? “அனுமதி கொடுங்க சார், தயவு செஞ்சு கொடுத்துடுங்க” என்றா?

கொடுக்கலாம். எனக்கென்ன பகையா? பதிவேடு பிரித்தே இருக்கிறது, பேனாவும் உள்ளேயே இருக்கிறது. இருபத்து மூன்றாம் எண்ணில் நீங்கள்கூடப் போட்டீர்கள், அரை நிமிடம்தான் ஆயிற்று. ஆனால் பதினேழாம் வரியைப் பாருங்கள் மேடம். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே.